சன்னலுக்கு வெளியே நின்ற மருத்துவச்சி

இலோயிலோ
3 ஆகஸ்ட் 2020

அன்புத் தங்கை ரெமிக்கு,

புயலில் சாய்ந்த தொலைபேசிக் கோபுரத்தை உங்கள் தீவில் இன்னும் நிமிர்த்தவில்லையாமே. அதனால் படகுக்காரர் தோனிங்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் மருத்துவமனையின் கொரோனா வார்டில் ஒரு கட்டிலும் காலியில்லை. காய்ச்சலே இல்லாமல் வந்து மூச்சுக்குத் திணறுகிறவர்களையும் பார்க்கிறேன். நீயோ தீவுக்கே ஒரே மருத்துவச்சி. தினமும் காலையில் படியிறங்குமுன் உன்னை நீயே சோதித்துக்கொள்: உடம்பு சுடுகிறதா, இருமலோ தொண்டைக் கரகரப்போ உண்டா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா, வினிகர் மணக்கிறதா. ஒன்று பிசகினாலும் எந்தத் தாயின் அருகிலும் போகாதே.

உன் அக்கா
பெலிண்டா


9 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

உத்தரவு போட உனக்குச் சொல்லியா தரவேண்டும்! தினமும் வினிகர் புட்டியை முகர்கிறேன். பக்கத்து வீட்டுக் கொன்சிங் அத்தை, "என்னடி, விடிஞ்சதுமே போதையா?" என்று கேலி செய்கிறார்.

நேற்று மாலையிலிருந்து தொண்டை வறண்டு கிடக்கிறது. உப்புக்காற்றாக இருக்கலாம். உடம்பு சுடவில்லை. வினிகர் வாசம்தான் மட்டாக இருக்கிறது, பழைய புட்டி. அத்தையின் மருமகள் மிலாவுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம். தலைப்பிள்ளையைப் பேற்றிலேயே பறிகொடுத்தவள். "நீ இல்லாம பெத்துக்க மாட்டேன்" என்கிறாள். எப்படிப் போகாமல் இருப்பேன்?

உன் ரெமி


10 ஆகஸ்ட்

ரெமி,

வினிகர் பழசானாலும் வாசம் போகாது. கருவாட்டைச் சுட்டுப் பார். அதுவும் மணக்காவிட்டால் கதவைச் சாத்திக்கொள். அடுத்த தீவின் மருத்துவச்சிக்கு இப்போதே ஆள் அனுப்பு. நிறைமாதக்காரி ஒருத்தியை நேற்று இங்கே இழந்தோம். மிலா உன்னைத் திட்டட்டும். திட்டுவதற்கு அவள் உயிரோடு இருக்கவேண்டும்.

பெலிண்டா


14 ஆகஸ்ட்

அக்கா,

கருவாடு கருகியே போயிற்று. புகையில் கண் எரிந்தது. மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. ஆள் அனுப்பினேன். ஆனால் அலை மிஞ்சியதால் படகு அக்கரையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் மதியம் மிலாவுக்கு வலி. கொன்சிங் அத்தை என் வாசலில் வந்து கத்தினார்: "உனக்கு வெறும் தொண்டைக் கரகரப்பு. அங்க ரெண்டு உயிர் போகுதுடி!"

வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போனேன். ஆனால் உள்ளே போகவில்லை. சன்னலுக்கு வெளியே வேலியோரம் நின்றுகொண்டேன்.

"அத்தை, முழங்கைவரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுங்க. இன்னிக்கு நீங்கதான் மருத்துவச்சி."

"பாவி! எனக்கு என்னடி தெரியும்?"

பிள்ளையின் தலை தெரிந்ததும் அத்தை அலறினார்: "கொடி கழுத்தைச் சுத்தியிருக்கு!"

"இழுக்காதீங்க! மிலா, முக்காதே, வாயால ஊது. அத்தை, விரலை நுழைச்சு மெதுவா தளர்த்துங்க. அப்படியே தலைக்கு மேல எடுங்க."

பிள்ளை வெளியே வந்தது, ஆனால் அழவில்லை. "துணியால முதுகைத் தேய்ங்க, நல்லா தேய்ங்க" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் அழுதது. பெண். மிலா படுத்தபடியே என் பக்கம் கையை நீட்டினாள். நான் பின்வாங்கினேன். அவள் முகம் வாடிப்போனது கண்ணிலேயே நிற்கிறது.

அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு இன்று காலை உடம்பு அனலாகக் கொதிக்கிறது. பாயிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்குகிறது. பயமாக இருக்கிறது, அக்கா.

ரெமி


15 ஆகஸ்ட்

என் கண்ணே ரெமி,

அலை அடங்கிவிட்டது. மருத்துவப் படகில் வருகிறவர்களிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாதாடாமல் ஏறிக்கொள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். மிலாவிடம் நீ பின்வாங்கியதுதான் சரி; நானாக இருந்தால் என்னால் முடிந்திருக்குமா, தெரியவில்லை.

இங்கே கரையில் எல்லோரும் கவச உடையில் நிற்போம். யார் யாரென்று தெரியாது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறவள் நான். என்னைப் பார்த்ததும் பேசாதே, மூச்சு வீணாகும். தலையை மட்டும் அசை. எனக்கு அது போதும்.

அக்கா