தறிச் சத்தத்துக்குள் பேசுகிறவள்

இன்று காலை திடீரென்று கரண்டு போனது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்க, நான் கத்திக்கொண்டிருந்தது மட்டும் தெருவரைக்கும் கேட்டது: "அம்மணி, பாவு நூல் தீரப்போகுது பாரு!" குடோனில் என்னைத் தவிர யாருமில்லை. வாசலில் போன கீரைக்காரர் எட்டிப் பார்த்து, "ஆருகிட்டங்க பேசறீங்க?" என்றார். என்னத்தைச் சொல்ல? உன்னிடம்தான்.

சூலூரில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. அந்தச் சத்தத்தில் காது உதவாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நம் குடித்தனமே அப்படித்தான் நடந்தது. கல்யாணமான புதிதில் நீ எட்டத்தில் நின்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்டு போய், "நீங்க சிரிச்சா நல்லாத்தானுங்க இருக்கறீங்க!" என்று ஊருக்கே கேட்டது. நூல் இறக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று முழுக்க நீ வெளியே தலைகாட்டவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகும் தறி ஓடினால் எதிரே உன் உதடு அசைகிறது. எனக்கு விளங்காதது ஒன்றுதான். பழைய பேச்சு ஞாபகம் வந்தால் சரி. நீ புதிதுபுதிதாகச் சொல்கிறாயே, அது எப்படி? போன வாரம் வாங்கிய மோட்டாருக்குக்கூடக் குறை சொன்னாய். நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

தறிகளை விற்றுவிட்டுக் கோயமுத்தூருக்கு வந்துவிடச் சொல்லி மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். சத்தமில்லாத அவள் வீட்டுக்கு நீ வராமல் போய்விட்டால்? அதற்காகவே நாளைக் கடத்தினேன். உன்னைக் கேட்டால், "நம்ம ஊட்ட உட்டுப்போட்டு எங்கீங்க போறீங்க?" என்றாய்.

மத்தியானம் மகள் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறிச் சோறு கொண்டுவந்தாள். துணிந்து கேட்டுவிட்டேன்: "கண்ணு, அம்மா உங்கிட்டப் பேசுதா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். "பேசாம என்னங்கப்பா? அடுப்படிக்குப் போனாலே சண்டைதான். உங்கப்பன அங்க தனியா உட்டுப்போட்டு உனக்கெப்படி சோறு எறங்குதுன்னு கேக்குதுங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அடிக் கள்ளி! என்னிடம் போகாதே என்கிறாய், அவளிடம் கூட்டிக்கொண்டு போ என்கிறாயா? அவளைக் காலேஜில் சேர்த்தபோதும் இதையேதானே செய்தாய்? அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று சொல்லி, கடைசியில் நீ நினைத்ததை நடத்திக்கொண்டாய். இத்தனை சூது என் மண்டையில் எந்தக் காலத்திலும் உதித்ததில்லை. அப்படியென்றால் பேசுவது நானில்லை, நீயேதான். எத்தனை நிம்மதி தெரியுமா எனக்கு!

தறிகளை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். அங்கே வந்தும் நீ எங்கள் இருவரிடமும் தனித்தனியாகவே பேசு. சாப்பிட உட்காரும்போது நானும் மகளும் நீ சொன்னதையெல்லாம் ஒத்துப் பார்த்துக்கொள்கிறோம்.