தில்லியில் என்னை யாருக்கும் தெரியாது

ஆகஸ்ட் 21, வியாழன்

கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து சாத்துக்குடி ஜூஸ் குடித்தேன். தில்லியில் வேலை உறுதி என்று மெயில் வந்த சந்தோஷம்தான். விழுப்புரத்தில் பஸ் மாறி நான் கெடாரில் இறங்குவதற்குள், யாரோ என்னைக் கடையில் பார்த்த விஷயம் அம்மாவுக்குப் போய்விட்டது.

"என்னாடி, ஜூஸ் கடையில ஒக்காந்துக்கினு போனப் பாத்துச் சிரிச்சியாமே? யாருடி அவன்?"

"அவனும் இல்ல, எவனும் இல்லம்மா. தில்லில வேல கெடச்சிருக்கு. நாளைக்குள்ள வர்றேன்னு சொல்லணும்."

மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "தில்லியா? அவ்ளோ ஜனத்துல உன்ன யாருக்குடி தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்பதற்காகத்தான் போகிறேன். கோடிக்கணக்கானவர்கள் வாழும் ஊரில், மெட்ரோ ரயில் நெரிசலில் நின்றுகொண்டு, நான் காரணமே இல்லாமல் சிரிக்க வேண்டும். ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தத் தெருவில் நடந்தாலும் இன்னார் மகள் என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அங்க குளிரு ஜாஸ்தியாமே?"

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.