அமுதாவின் நாற்காலிக்குக் குலுக்கல்

மாசி 5, திங்கள்

வாடைக் காற்று இன்னும் விடவில்லை. காலையில் வலையில் கிழிசல் தைத்தேன். பிறகு இது.

கையெழுத்து கோணல்மாணல். மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, நோட்டிடமே கேட்டு வைக்கிறேன். ஒரு எழுத்து கெளுத்தி அளவு, பக்கத்து எழுத்து சென்னாக்குன்னிப் பொடி இறால் அளவு. துடுப்புப் பிடித்த கைக்குப் பேனா ரொம்ப லேசு. அழுத்திவிடுகிறேன், தாள் கிழிகிறது. சாயங்கால வகுப்பு முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இன்று ஐஸ் கம்பெனிச் சுவரை முழுதாகப் படித்துவிட்டேன். "இங்கு சிறுநீர் கழிக்காதீர்." இத்தனை வருடமும் அங்கேதான்.

சந்தோஷம் இவ்வளவு. இனிக் கோபம்.

மகள் அமுதா (எழுத நீளம், இனி அமு) வேலையை விடுகிறாளாம். எழுதிக் கொடுத்து நாளாச்சாம், இந்த வெள்ளி கடைசி நாளாம், எனக்கு இன்றுதான் சொல்கிறாள். தெற்கே சரக்குக் கிடங்குக் கம்பெனி. அங்கே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அவள்தான் வைத்தியர். கேட்டில் லாரி நின்றாலும் அமு, மேனேஜருக்குப் பாஸ்வேர்டு மறந்தாலும் அமு. சும்மா வந்த வேலை இல்லை. கம்பெனி வந்தபோது ஊரே வெயிலில் ரோட்டில் உட்கார்ந்து, எங்கள் ஊருக்கு என்று சில வேலைகள் கேட்டு வாங்கினோம். மற்றதெல்லாம் வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கல். நாற்காலி போட்ட வேலை இவள் ஒருத்திக்குத்தான். படித்திருந்தாள்.

"எங்கடி போறே?"

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனி, நைனா. கன்சல்டிங்."

"அப்டின்னா இன்னா?"

"பல கம்பெனிக்குப் போவேன். அவங்க கம்ப்யூட்டருங்கள்ல எது சரியில்ல, எப்படி மாத்தணும்னு சொல்வேன்."

"படகுல ஏறாம கரையில நின்னுனு, வலையை அங்க போடு, இங்க போடுன்னு கை காட்றவனா?"

சிரித்தாள். "அதேதான். மீன் படலன்னா என் தலையை எடுப்பாங்க."

காரணம் கேட்டேன். "உள்ள இருக்கறவ சொன்னா காதுல ஏறல நைனா. மழை வந்தா கேட் மிஷின் படுத்துக்கும்னு ஆடியிலயே சொன்னேன். 'நீ ஊர் கோட்டால வந்த பொண்ணு, உன் வேலையைப் பாரு'ன்னாங்க. ஐப்பசில படுத்துச்சு. வெளிய இருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தாங்க. நான் சொன்னதையே அவர் சொன்னாரு. அவருக்குச் சால்வை."

சால்வையை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. ஆனாலும் கேட்டேன், ஊர் வாங்கிக் கொடுத்ததை விடலாமா என்று. என் சம்சாரம் பூங்காவனம் மீன் அலசிக்கொண்டே, "ராத்திரில போன் அடிச்சா ஊரா எந்திரிச்சுப் போச்சு?" என்றாள்.

மாசி 7, புதன்

கோயில் முன்னால் ஊர்க் கூட்டம். இன்று தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது.

முகத்துவாரத்துப் பக்கம், ஏரியில் இறால் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பேர். எல்லோரும் ஒரே நாளில் கட்ட இடம் போதாது. அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். யார் முறையோ அன்றைக்கு அவன் மட்டும். நான் பார்க்கக் குலுக்கலில் ஒரு நாளும் பொய் நடந்ததில்லை. அதை நம்புகிறவன் நான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

தலைவர் தேசப்பன் எழுந்தார். அமு வேலை ஊர் உட்கார்ந்து வாங்கிய வேலை, அதுவும் ஒரு பாடுதான், ஒருத்தர் இறங்கினால் அடுத்த ஆள் ஏறணும் என்றார். சொம்பு வந்தது. சீட்டு எழுதினார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். கன்னியப்பன் மகன் ஜெகன். கைதட்டல்.

"அவ இன்னும் அந்த நாற்காலிலதான்யா உக்காந்துனு இருக்கா!" என்றேன்.

"எந்திரிக்கப் போறா இல்ல?" தேசப்பன்.

"ஜெகனுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

பின்னாலிருந்து யாரோ, "செல்போன்ல கார் ஓட்டுவான் மாமா. பழகிடுவான்." ஒரே சிரிப்பு.

வீட்டில் சொன்னேன். அமு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அவன் நெசமாவே வந்து நிக்கப் போறான் நைனா. போயி சொல்லுங்க."

போனேன். "வயித்தெரிச்சல்" என்று கன்னியப்பன் கதவைச் சாத்திவிட்டான்.

மாசி 9, வெள்ளி

ஜெகன் கம்பெனிக்குப் போயே விட்டான். நல்ல நாளாம். புதுச் சட்டை, மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம். முறை வந்த அன்று வலைக்குப் பூஜை போடுவோமே, அதுபோல நாற்காலிக்கு. கூடவே அப்பனும். கேட்டில் இருந்தவன் பாஸ் கேட்டிருக்கிறான். "குலுக்கல்ல விழுந்துச்சு" என்று கன்னியப்பன் சொல்லியிருக்கிறான்.

அமு இறங்கி வந்து, இரண்டு பேருக்கும் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அந்த நாற்காலிக்கு இனி ஆளே கிடையாது. அந்த வேலையை வெளியே கான்ட்ராக்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கே நேற்றுதான் தெரியும்.

சாயங்காலம் ஜெகன் வீட்டுக்கு வந்தான். நல்ல பிள்ளை. "பெரிப்பா, ஒரு டீ குடிக்கறதுக்குள்ள அக்காவுக்கு எத்தினி போனு! எனக்கு ஏரியே போதும்." எலுமிச்சம்பழத்தைப் பூங்காவனத்திடம் கொடுத்துவிட்டுப் போனான். ஊறுகாய்க்கு ஆகும்.

கம்பெனியை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஊரே வெயிலில் காய்ந்து வாங்கியதை, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எடுத்துவிட்டான். ஊர் அங்கே போய்க் கேட்கணும். போகவில்லை. அமு விட்டதால்தான் வேலை போச்சு என்று என் வீட்டுப் பக்கம் திரும்பியது.

மாசி 10, சனி

மீன் ஏலக் கொட்டகைப் பலகை. எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

"எத்திராஜ் குடும்பத்துப் பாடு மறு உத்தரவு வரை நிறுத்தம்."

ஊர்ப் பலகையில் என் பேரை நானே படித்தது இதுதான் முதல் தடவை. எத்திராஜ். நான்தான்! ஒரு நொடி மனசு மடவை மீன் மாதிரித் துள்ளியது. மீதியையும் படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மகன் ஏழுமலைக்கு வரும் வியாழன் முறை. இறால் இறங்குகிற சமயம். தை முழுக்க இதற்காகக் காத்திருந்தான், புது வலை கட்டி வைத்திருக்கிறான். இதை விட்டால் அடுத்தது எப்போதோ. தங்கச்சியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறும் தின்னவில்லை.

அமு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணா, மெட்ராஸ் வேலைக்கு வரலன்னு சொல்லிட்டு, திங்கக்கிழம பழைய கம்பெனில போயி கெஞ்சிப் பாக்கவா?"

"போனீன்னா, உன் லேப்டாப்பைத் தூக்கி ஏரில போட்டுடுவேன்."

இரண்டும் அழுதன. நான் வலை தைத்தேன். பொத்தல் இல்லாத இடத்திலும் தைத்தேன்.

மாசி 11, ஞாயிறு

தைக்கும்போதே தோன்றியது. எங்கள் ஊரில் பாடு ஆம்பளைக்கு மட்டும். பொம்பளைக்குக் கிடையாது. தேசப்பனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். அப்படியானால்?

கடையில் சாக்பீஸ் வாங்கினேன். பலகையில், அவர்கள் எழுதியதற்குக் கீழே எழுதினேன்:

"பொம்பளைக்குப் பாடு இல்லை. அமுதா நாற்காலி மட்டும் எப்படிப் பாடு? எத்திராஜ்."

முடிப்பதற்குள் ஏலம் நின்றுவிட்டது. எல்லோரும் என் முதுகுப் பக்கம். வரி மேலே மேலே ஏறிவிட்டது. கடைசியில் இடம் போதாமல் என் பேர் பலகைச் சட்டத்தின் மேல்.

தேசப்பன் வந்தார். அவருக்குப் படிக்க வராது. பலகை எழுதுவது அவர் மருமகன், அவன் இன்று காலை ஊரில் இல்லை.

"இன்னா கிறுக்கி வச்சிருக்கே? படி."

படித்தேன். சத்தமாக.

"காதுல விழல மாமா, இன்னொரு வாட்டி!" கூடைக்காரப் பெண்கள். படித்தேன். மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. நானாகவே படித்தேன்.

பூங்காவனம் கூடையை இறக்கி வைத்தாள். "ஞாயந்தானே? அவ நாற்காலி பாடுன்னா, ஏரிலயும் அவளுக்கு ஒரு பாடு குடு. எனக்கும் குடு."

"எனக்கும்."

"எனக்கு முகத்துவாரத்துகிட்டயே குடுங்க தலைவரே. எங்க வீட்டு ஆளு நல்லா தூங்கட்டும்."

கொட்டகையே சிரித்தது. தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்ப எடுத்தார். திரும்பப் போட்டார்.

"அந்த வேலையைக் கம்பெனிக்காரன் எடுத்துட்டான்," என்றேன். "அவனைப் போயி கேளுங்க. கூட நானும் வர்றேன். என் புள்ளை வலையை ஏன் நிறுத்துறீங்க?"

"நாளைக்குப் பேசிக்கலாம்." போய்விட்டார்.

மாசி 12, திங்கள்

காற்று தெற்கே திரும்புகிறது.

அமு முதல் பஸ்ஸில் கிளம்பினாள். பஸ் தூரத்தில் வரும்போதே "பொன்னேரி" என்று படித்துச் சொன்னேன், அவளுக்கு முன்னால். அங்கிருந்து ரயில். பூங்காவனம், "சால்வை கில்வை போட்டா வேணாம்னு சொல்லாத. வாங்கினு வா, வலை மூட ஆவும்." அமு ஜன்னலில் கையை நீட்டி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். சாக்பீஸ் வெள்ளை இன்னும் போகவில்லை.

அப்படியே கொட்டகைக்குப் போனேன். பலகை துடைத்திருந்தது. வியாழன், ஏழுமலை என்று புதிதாக எழுதியிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். என் காலுக்கு அது ஓட்டம்தான். ஏழுமலை சட்டியோடு உட்கார்ந்து நேற்றுச் சோற்றையும் சேர்த்துத் தின்றான்.

வழியில் தேசப்பன். "விட்டாச்சு எத்திராஜு. இத்தோட முடிச்சுக்க."

எப்படி முடியும்? துடைத்தவன் அவர்கள் வரியோடு என் கேள்வியையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். ஒருத்தனும் பதில் சொல்லவில்லை. பூங்காவனம் காலையில் கூடையைத் தூக்கும்போது கேட்டாள், "அப்ப எங்க பாடு இன்னா ஆச்சு?"

அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். இந்தத் தடவை கீழே இல்லை, மேலே, நடுவில். முதலில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரனிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பலகை போதாது. அவன் மதில் சுவர் நீளமானது, நல்ல வெள்ளை.

அமு சனிக்கிழமை வரும்போது சாக்பீஸ் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெட்டி.