நடிப்பு என்று சொன்னேன்

சங்கரன்கோவில்
10.2.2025

அன்பு மகள் அனுவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானே? போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. உன் அப்பா பக்கத்தில் இருக்கையில் எனக்கும் இதைச் சொல்ல வாய் வராது. அதனால்தான் கடிதம்.

இரண்டு மாதமாக இடுப்புக்குக் கீழே வலி. புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கு வேலைக்குப் போக, பஸ் படியில் கால் தூக்கி வைக்க முடியவில்லை. பிசியோதெரபி பார்க்கும் மிஸ்ரியா என்ற பெண்ணிடம் போனேன். "பிள்ளை சுமக்கையில இடுப்பு மூட்டைப் பிடிச்சிருக்க நாரெல்லாம் தளரும்மா. பெத்த பிறகு பல பேருக்கு இறுகிரும். சில பேருக்கு வலி அப்படியே தங்கிக்கிடும், வயசானதும் தேய்மானமும் சேந்துக்கிடும்" என்றாள். "மாசமா இருக்கையில வலிச்சுதா?" என்று கேட்டாள். உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று உன்னை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அம்மா,
மாடத்தி


தாம்பரம்
19.2.2025

அம்மாவுக்கு,

'அப்படி' என்று எழுதியிருக்கிறாய். எப்படி என்று நான் எழுதுகிறேன். முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதம். கட்டிலில் புரண்டு படுக்க முடியாமல் அழுதேன். பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் முன்னால், "மூணு பிள்ளை வயித்துல இருக்கையிலயும் நான் வயல்ல நாத்து நட்டேன். இவ நடிக்கா. ஏட்டி, எந்திரி" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். மறுநாளே இங்கே வந்துவிட்டேன். தாய்வீட்டில் நடக்க வேண்டிய பிரசவம் இங்கே நடந்தது.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வலி திரும்ப வந்துவிட்டது.

அந்தப் பெண் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய்?

அனு


சங்கரன்கோவில்
26.2.2025

மக்கா,

"இல்லை" என்று சொன்னேன். அது பொய்.

உன்னைச் சுமந்தபோது எனக்கும் அதே வலி. வெளிக்குப் போன இடத்தில் எழ முடியாமல் முள்மரத்தைப் பிடித்து எழுந்திருக்கிறேன். உன் அப்பாவிடம் சொன்னதற்கு, "இதெல்லாம் வெளிய சொல்லுத விஷயமா?" என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாற்று நட்டேன்.

நீயோ எல்லார் முன்னாலும் இங்கேதான் வலிக்கிறது என்று கை வைத்துக் காட்டினாய். எனக்கு மானம் போனது போல இருந்தது. உன் வலி நிஜம் என்று தெரிந்தேதான் நடிப்பு என்றேன். தெரியாமல் பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்கவாவது எனக்கு முகம் இருந்திருக்கும்.

நேற்று மறுபடி மிஸ்ரியாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். உன் அப்பாவும் கூட இருந்தார். அவரும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். உனக்கும் சேர்த்துக் கேட்டேன். முழங்கால் இரண்டுக்கும் நடுவில் தலையணை வைத்துப் படு. முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துப் புரள். ஒற்றைக் காலில் நிற்காதே. அங்கேயும் பிசியோதெரபி பார்க்கிறவர்களிடம் போ.

நான் வரட்டுமா?

அம்மா


தாம்பரம்
5.3.2025

அம்மா,

கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. தெரிந்தே சொன்னாய் என்பதைப் படித்துவிட்டு மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று பிரசவ வார்டில் நர்ஸ், "அம்மா வரலையா?" என்று கேட்டாள். "அம்மா இறந்துட்டாங்க" என்றேன். பாவம் என்று அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். அந்த வெட்கத்தை இன்றுவரை உன் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

இந்த முறையும் அதே ஆஸ்பத்திரிதான். அவள் அங்கே இருந்தால், உன்னை யாரென்று சொல்வேனோ தெரியவில்லை.

வா. ரயிலில் கீழ் பெர்த் கேட்டு வாங்கு. மேலே ஏறாதே.

அனு