காலருக்குள் மஞ்சள்

செவ்வாய், ஈப்போ.

புதுச் சீருடையோடு இன்று வீட்டுக்கு வந்தேன். வெள்ளைச் சட்டையை எடுத்துவிட்டார்கள். இனி விமானிகளான எங்களுக்கும் வெளிர்நீலம்தான். தொப்பியும் கிடையாது. எங்கள் வாட்சாப் குழுவில் மூன்று நாளாக இதே புலம்பல். எனக்கும் எரிச்சல். கூடத்தில் உட்கார்ந்து நானும் ஒரு குரல் பதிவு அனுப்பினேன்.

"மச்சான், இதைப் போட்டா நம்மள ஜாகான்னு நெனச்சு, காடிய எங்க நிறுத்தணும்னு கேப்பாங்க லா."

குழுவில் எல்லாரும் சிரித்தார்கள்.

தலையைத் தூக்கினால் சாமி மேடை முன்னால் அப்பா. கையில் என் சட்டை. புதுத்துணி என்று காலரின் உள்பக்கம் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம். தோட்ட வேலையை விட்டு வந்ததிலிருந்து அடுக்குமாடி வாசலில் அவரும் ஜாகாதான், காவலாளி.

"கழுத்து சரியா இருக்கான்னு போட்டுப் பாருப்பா. இல்லன்னா இப்பவே மாத்திக்க," என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் பதிவை மட்டும் அழித்தேன். அதற்குள் எல்லாரும் கேட்டாயிற்று.

பிறகு கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தேன். அப்பாவின் இன்னொரு சீருடைச் சட்டையும் கிடந்தது. அதுவும் வெளிர்நீலம்தான். இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. காலரைத் திருப்பிப் பார்த்தேன். எத்தனையோ தடவை துவைத்தும், அந்த மஞ்சள் பொட்டு மங்கலாக உள்ளே இருந்தது.