இறக்கைக்கு மட்டும் பொட்டு இல்லை

30 செப்., செவ்வாய்

புழுக்கம். தட்டாஞ்சாவடி பட்டறையில் ஃபேன் சுத்தியும் பிரயோஜனம் இல்லை. மணல் மூட்டை எல்லாம் எடை போட்டு முடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை சோதனை. நாங்கள் செய்யும் கிளைடரின் இறக்கையைக் கவிழ்த்து வைத்து, பறக்கும்போது அது தாங்க வேண்டிய சுமையை மூட்டையாக அடுக்கணும். சுவரில் போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டி நுனி வளையக் கூடாது. உடைந்தால் இன்னொன்று செய்ய வழியில்லை. பழனி அண்ணன் ஃபைபர் படகு செய்யத் திரும்பிடுவார். அவர் பட்டறை, அவர் பிழைப்பு.

ரெண்டு சீட் கிளைடர், எஞ்சின் இல்லாத விமானம். முன்னால் கற்பவர், பின்னால் வாத்தியார். இது இல்லாமல் எவனும் கற்க முடியாது. வெளிநாட்டில் வாங்கினால் பறக்கும் கிளப்பையே விற்கணும். கட்டணம் ஏறும். அப்புறம் "ஏழைப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று மேடையில் பேச்சு. த்தூ.

1 அக்., புதன்

ஆயுத பூஜை. பட்டறை கழுவ எல்லாம் முற்றத்துக்கு, மூட்டைகளும். டிரில், தராசு, படகு அச்சு, என் ஸ்கூட்டி, அத்தனைக்கும் அண்ணன் பொட்டு வைத்தார். இறக்கைக்கு இல்லை.

"ஏண்ணே?"

"அது இன்னும் பாஸ் ஆவலம்மா."

சுண்டல் பிரமாதம். ரெண்டு பொட்டலம். சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மழை கொட்டியது. நல்ல தூக்கம்.

2 அக்., வியாழன்

லீவு. சுள்ளென்று வெயில். துணி துவைத்தேன்.

3 அக்., வெள்ளி

கிளப் செயலாளர் வந்தார். பிரெஞ்சு அரசு பென்ஷன் வாங்குபவர், எல்லாருக்கும் "முசே", பிரெஞ்சில் ஐயா. பாஸ் ஆனால் வாங்குவதாகச் சொன்னவர். முற்றத்திலிருந்து படகு ஆட்கள் மூட்டைகளை வண்டியில் தள்ளி வந்து அடுக்க, நான் கோட்டையே பார்த்தபடி. கடைசி வரிசையில் நுனி கோட்டைத் தாண்டியது.

முசே: "சீப்பா செஞ்சா இப்படித்தான். பறக்கறது எல்லாருக்கும் ஆனதில்லம்மா."

"வெல கம்மின்னா ஏழப் புள்ள விழலாம்னு அர்த்தமில்ல முசே."

கத்திட்டேன். உடையும் முன் இறக்கிடலாம் என்று நானும் ஒரு மூட்டையைத் தோளில் போட்டேன். கனம். சட்டை நனைந்தது. சாக்கு வெளியே காய்ந்திருக்கு, உள்ளே மணல் சொதசொத. பூஜைக்கு வெளியே போட்டதை மழைக்கு அப்புறம் மறுபடி எடை போடணும் என்று ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும்தான்.

எடை போட்டோம். தாங்க வேண்டியதைவிட ரொம்ப அதிகம் தாங்கியிருக்கு! எல்லாம் இறக்கினதும் இறக்கை நேராகி, பழைய இடத்துக்கே வந்தது. ஒரு கீறல் இல்லை. சரியான எடையில் மறுபடி அடுக்கினோம். நுனி கோட்டைத் தொடாமல் மேலேயே நின்றது.

முசே கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். "மொதல் வண்டி எங்களுக்கு" என்றார். மன்னிப்பெல்லாம் கிடையாது. பரவாயில்லை.

பிளேன் பாதிகூட ஆகலை. அரசாங்க அனுமதி வேறு, எத்தனை மேசையோ. தோள் வலி. பசி.

பூட்டும்போது அண்ணனைக் காணோம். உள்ளே குங்குமக் கிண்ணத்தோடு இறக்கைகிட்ட. ஸ்கூட்டிக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டு.