மூன்றாவது பாட்டில் என் சபாஷ்

இன்று காலை உன் மகளை வயலின் வகுப்புக்கு அழைத்துப் போகும்போது, காரில் கிடந்த உங்கள் குழுவின் சிடியைப் போட்டேன். நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் அதன் உறையைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆலன் நகரில் உன் வீட்டு கராஜ் ஞாபகம் இருக்கிறதா? 2006 கோடை. ரெக்கார்டிங் மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனையும் அணைத்துவிட்டீர்கள். உன் ஆபீஸ் நண்பர்கள் மூவரும் பேன்ஜோ, மேண்டலின், கிதாரோடு நின்றுகொண்டிருக்க, நீ மட்டும் யோகா மேட்டில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டாய். அவர்கள் ஊர் ப்ளூகிராஸ் இசை, நாட்டுப்பாட்டு, கொஞ்சம் ராக்; நடுவில் உன் கமகம். கரண்டில் செருகும் வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது.

எலுமிச்சை சாதம் கொண்டுவந்த நான் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். மூன்றாவது பாட்டில் மேலே ஏறி ஒரே வில்லில் வழுக்கி இறங்கினாய் பார், என் வாய் சும்மா இருக்கவில்லை. "சபாஷ்டி!" என்று கத்திவிட்டேன். நம் கச்சேரியில் அது மரியாதை. அவர்களோ கடைசி ஸ்வரம் அடங்கும்வரை மூச்சுகூட விடமாட்டார்கள். பேன்ஜோக்காரர் என்னை முறைத்தார். நீ சிரித்துவிட்டாய், ஆனால் வில்லை நிறுத்தவில்லை. அவர்களும் உன் வேகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வாசித்து வந்துவிட்டார்கள்.

"ப்ளீஸ்டி, இன்னொரு தடவை ரெக்கார்ட் பண்ணு. என் மானம் போகுது" என்று கெஞ்சினேன்.

"சும்மா இருடி. மூணு வாரமா இந்த ஸ்பீடு எங்களுக்கு வரவே இல்ல. நீ கத்தினது இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அப்புறம் யார் வீட்டில் அந்தப் பாட்டு ஓடினாலும் நான் சமையலறைக்குள் ஒளிந்துகொள்வேன்.

இன்றும் அந்த இடம் வருவதற்குள் தள்ளிவிடத்தான் நினைத்தேன். ஃப்ரீவேயில் எக்ஸிட் எடுக்கும் நேரம், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. என் கத்தல் வந்தது. அதன் பின்னாலேயே உன் சிரிப்பு.

பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த உன் மகள் நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, தட்ஸ் அம்மா!"

அந்த ஆல்பம் முழுக்க நீ ஒரு வார்த்தை பேசவில்லை. இருப்பது அந்தச் சிரிப்பு மட்டும்தான். என் பேச்சைக் கேட்டு அழித்திருந்தால் அதுவும் போயிருக்கும். நல்லவேளை, நீ என் பேச்சை எப்போது கேட்டிருக்கிறாய்?

"ப்ளே இட் அகெய்ன், ஆன்ட்டி."

வகுப்பு வாசலில் காரை நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டோம். நான்காவது தடவை அவளே என்னை முந்திக்கொண்டு "சபாஷ்டி!" என்று கத்தினாள்.

நீ சிரித்தாய்.